திரிதல்

எழுபதுக்குப் பதின்மூன்று.
பதினைந்து வேண்டும்.
குறைந்தது ஒரு குறுவினா.

விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தேன்.
கிளர்வு ஆற்றல் என்பது யாது?
புத்தக வரி வராத பதற்றத்தில்
எழுதி வைத்திருக்கிறேன்:
“விடியக்காலம் மூன்றரைக்குப்
போர்வையை விலக்க ஆகும் பாடு.
விலக்கியபின் எல்லாம் தானாக நடக்கும்.”
மேலே சிவப்பில் ஒரு கோடு,
கோபம்கூட இல்லாத கோடு.

இப்போது குலசேகரத்துக்கு மேலே
முந்நூறு மரம் எங்கள் பங்கு.
மழைக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டி
வரிசையில் நிற்கின்றன.
ரோசிலி சித்தியின் தலைவிளக்கு முன்னே,
என்னுடையது பின்னே.
பட்டையில் சரிவாக ஒரு சீவல்.
வெள்ளைக் கோடு யோசித்து, நிறைந்து,
சிரட்டைக்குள் முதல் சொட்டு.
முதல் வகை வினையில் அரை வாழ்காலம்
தொடக்கச் செறிவைச் சார்ந்ததல்ல.
தொடக்கச் செறிவைச் சார்ந்ததல்ல.
“ஜெபமா பிள்ளே?” என்கிறாள் சித்தி.
ஆமாம் என்கிறேன்.

வெட்கத்துக்கும் அதே கணக்குத்தான் போல.
ரிசல்ட் அன்றைக்கு இருந்தது
பதினைந்து நாளில் பாதி,
அடுத்த பதினைந்தில் பாதியின் பாதி.
பெபிஷா நாகர்கோவிலில் கல்லூரி சேர்ந்து
அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பினாள்;
மறுபடி முழுசாக நிரம்பியது.
அதற்குச் சமன்பாடு
எந்தப் பக்கத்திலும் இல்லை.

முசுறு கழுத்தில் கடித்த இடத்தில்
மெத்தனாயிக் அமிலம்.
ஷெட்டில் கேன் மேல் ஒட்டிய பெயரும் அதுதான்.
இந்த ஒன்றை மட்டும்
நான் மனப்பாடம் செய்யவேயில்லை.

பிறகு அந்த வியாழக்கிழமை.
வாளிகளை இறக்கி அம்மோனியா ஊற்று,
லாரி பத்து மணிக்கு என்றார்கள்.
ஊற்றலாம் என்று படியில் உட்கார்ந்தேன்.
மடியில் தாங்கல் கரைசல்:
சிறிதளவு அமிலமோ காரமோ சேர்த்தாலும்
தன் மதிப்பை விட்டுக்கொடுக்காதது.
இரண்டு பக்கம் போயிற்று.
மூடியைத் தூக்கினால் பால் இல்லை,
கட்டி கட்டியாக, புளித்த நெடியோடு
வேறு ஏதோ கிடக்கிறது.

சூபர்வைசர் கிங்ஸ்லின் விரல் விட்டுப் பார்த்தார்.
“திரிஞ்சு போச்சு. இனி ஒட்டுப்பால் விலைதான்.”
முந்நூற்று எழுபது பிடித்துக்கொண்டார்.
பின்னாலிருந்து யாரோ,
“தோத்த பிள்ளைகள் இப்படித்தான்,
புக்கும் கையுமாத் திரியும்.”

அன்றிரவு கைகளில் நாற்றம் போகவில்லை.
அதே கையால் கூழ்மப் பாடத்தைத் திறந்தேன்.
துகள்கள் எல்லாம் ஒரே சுமை சுமப்பவை;
ஆகையால் ஒன்றையொன்று தள்ளி,
தள்ளித் தள்ளியே மிதக்கின்றன.
சுமை இழந்தால் கூடும், திரளும், படியும்.
மூன்று முறை வாசித்தேன்.
எங்கள் லயத்தில்
சுமை கூடினால்தான் ஆள் விழுவது வழக்கம்.
இங்கே சுமை போனால் விழுகிறது.
இரண்டும் சரியாக இருக்குமோ என்று
யாரிடம் கேட்க?
கரண்டும் போயிற்று.

தக்கலையில் தேர்வு.
ஜன்னலுக்கு வெளியே வேளிமலை இல்லை,
மழை இருந்தது.
இருபத்திரண்டாம் கேள்வி, இரண்டு மதிப்பெண்:
திரிதல், வரையறு.

பேனா நின்றது.
விரலிடுக்கில் பழைய வாசம்.
கிங்ஸ்லின் விரல், முந்நூற்று எழுபது,
வாளியின் அடியில் நான் பார்த்த என் முகம்,
எல்லாம் வரிசையில் வந்து நின்றன.
போகச் சொன்னேன்.
‘மின்பகுளி சேர்ப்பதால்
கூழ்மத் துகள்கள் தம் மின்சுமையை இழந்து,
ஒன்றுதிரண்டு வீழ்படிவாதல்.’
காற்புள்ளிகூடப் புத்தகத்துடையது.
என்னுடையது என்று
ஒரு சொட்டும் அதில் கலக்கவில்லை.

மணி அடித்து வெளியே வந்தால்
குலசேகரம் பஸ்ஸுக்கு
இன்னும் நாற்பது நிமிஷம்.
குடையை மடக்கிப் பையில் வைத்தேன்.
சந்தைப் பக்கம்
சும்மா
கொஞ்ச நேரம் திரிந்தேன்.