குஸ்காவுக்கு என்ன விலை

குடியாத்தம் தாலுகா ஆபீஸ் மாடியில்
மூன்று மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றுகிறது.
அனைத்துக் கட்சிக் கூட்டம்.
பிரியாணி பிளேட் நூற்றெண்பது என்கிறது பட்டியல்.
"ஆம்பூர்லயே நூத்தி இருபதுதான் மேடம்,
எவன் போட்டது இந்த ரேட்டு?"
ஜென்மப் பகையாளிகள் ஐந்து பேரும்
அந்த அறுபது ரூபாயில் ஒன்றானார்கள்.

நான் குறித்துக்கொண்டேன்.
நிழல் பதிவேட்டு உதவியாளர் கனகவல்லி,
பச்சை மைக்குத் தகுதி இல்லாதவள்.

பிரியாணிக்கு விலை வைத்தோம்; குஸ்கா வந்தது.
குஸ்காவுக்கும் வைத்தோம்.
பந்தி மண்டபத்துக்குப் போனது,
காதணி விழா என்று.
வீடியோ எடுக்கப் போன அன்வர் பாஷா
திரும்பி வந்து சொன்னார்:
"ஆயிரத்து எரநூறு இலை மேடம்.
காது குத்திக்க ஒரு கொழந்தகூட இல்ல."
மறுநாளே சுற்றறிக்கை:
குழந்தையின் பிறப்புச் சான்று இணைக்கப்பட வேண்டும்.
அடுத்த மண்டபத்தில் குழந்தை இருந்தது.
மாலையில் பேரணாம்பட்டு மண்டபத்திலும்
அதே குழந்தை,
காலையில் குத்திய காதோடு.

பதிவறையில், பூச்சிமருந்து வாடைக்குள்,
ஐம்பத்திரண்டாம் வருடக் கட்டு ஒன்றைப் பிரித்தேன்.
வட ஆற்காடு ஜில்லா. ஆளுக்கொரு பெட்டி வைத்து
பெட்டிமேல் சின்னம் ஒட்டிய காலம்.
யாரோ ஒரு குமாஸ்தா, சரிந்த கையெழுத்தில்:
'பெட்டிக்குக் கற்பூரம் காட்டலாகாது.'
அதன் கீழே, வேறு மையில்:
'தேங்காயும்.'
அந்த ஒற்றைச் சொல்லை எழுதிய மதியம்
எந்தச் சாவடி வாசலில் ஓடு சிதறிக் கிடந்தது,
யார் பெருக்கினார்கள்?

வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்பு
இரவு பதினொன்றேகாலுக்கு வீடு திரும்பினால்
கதவுக் கொண்டியில் ஒரு பை.
எவர்சில்வர் சம்புடம், நிறையத் துவரை,
துவரைக்குள் கைவிட்டால் சுருட்டிய தாள்.
தெரு முழுக்க எல்லாக் கொண்டியிலும்.
எதிர்வீட்டில் தீப்பெட்டி ஒட்டும் செல்வராணி
வாய் பொத்திச் சிரித்தாள்:
"ஒனக்கே குடுத்துட்டானுங்களா?"

உட்கார்ந்து பட்டியலைப் புரட்டினேன்.
நூற்றுப் பன்னிரண்டு இனங்கள்.
சால்வை உண்டு, சரவெடி உண்டு,
ட்ரோன் வாடகை மணிக்கு இவ்வளவு என்று உண்டு.
சம்புடம் இல்லை.

காலையில் பஜார் பாத்திரக்கடையில்
அதைத் துவரையில்லாமல் நீட்டிக் கேட்டேன்:
இது என்ன விலை?

கடைக்காரர் தலை நிமிரவில்லை.
"எத்தினி ஆயிரம் ஓணும்?"

விலை மட்டும், என்றேன்.
எழுதிக் கொடுங்கள்.