மூன்று குப்பி

நித்திரவிளை சந்திப்பில் என் கடைக்கு
இரவு பத்துக்குத்தான் ஷட்டர் இறங்கும்.
ஊர்ப்பேரில் மட்டும்தான் நித்திரை.

எனக்கு ஆட்களைத் தேதியால் தெரியும்.
ஐந்து, பிரஷர், ததேயு வாத்தியார்.
பன்னிரண்டு, தைராய்டு, மெர்லின்;
சாயாவோடு விழுங்காதே என்று மாதந்தோறும் சொல்கிறேன்,
மாதந்தோறும் தலையாட்டுகிறாள்.
ரப்பர் வெட்டும் சுவாமிதாஸ்
முப்பது மாத்திரையோடு போனவர்
நாற்பத்தைந்தாம் நாள் வந்தால்
இடவப்பாதி விடவில்லை என்று அர்த்தம்.
பால் இறங்காத நாளில் மாத்திரையும் இறங்காது.
"தல சுத்தல்லியே, பின்ன எதுக்கு?" என்பார்.

வறுவேலுக்குத் தேதி கிடையாது.
தேங்காப்பட்டணத்தில் போட்டுக்கு
டீசலும் ஐசும் ஏறுகிற அன்றைக்கு வருவார்.
"நாப்பது நாளைக்குத் தா மோளே."

காலையில் இருபது யூனிட், இரவில் பத்து.
நாற்பது நாளைக்கு ஆயிரத்து இருநூறு.
குப்பிக்கு நானூறு. மூன்று குப்பி.
மிச்சமில்லாமல் வகுபடுகிறது பாருங்கள்,
அந்த அழகில்தான் நான் ஏமாந்தேன்.

ஐசுக்குள் புதைக்கக் கூடாது என்றேன்.
மீனுக்குள்ள குளிர் வேற, இதுக்குள்ளது வேற.
உறைஞ்சா செத்துப்போகும்;
செத்த மருந்தைக் குத்தினா ஊசி மட்டும்தான் மிச்சம்.
சோற்று டப்பாவுக்குள் துணி, துணிக்குள் குப்பி,
ஐஸ் அறைக் கதவோரம், பட்டும் படாமல்.
குத்துமுன் உள்ளங்கையில் உருட்டணும், குலுக்கப்பிடாது.
"கேரை வெட்டுன கையாக்கும்" என்று விரித்துக் காட்டினார்.
"கழுவீட்டு உருட்டும்" என்றேன்.

நாற்பது கடந்தது.
நாற்பத்திநாலாம் நாள் ரோசிலி வந்து
எதுவும் வாங்காமல் நின்றாள்.
காற்று திரும்பி, போட்டுகள் தெற்கே ஒதுங்கிக் கிடப்பதாக
வயர்லெஸ்ஸில் கேட்டார்களாம்.
"அவியளுக்கு மருந்து காணுமா அக்கா?"
காணாது. நாலு நாளாகவே காணாது.
கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லவும் வாய் வரவில்லை.
பேனாவை மூடினேன். திறந்தேன்.

ஐம்பத்தொன்றாம் நாள் அதே டப்பாவோடு அவரே வந்தார்.
மூன்றாவது குப்பி காலியாகியிருக்கவில்லை.
டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.
கட்டி இல்லை, பாலைப்போல ஒரே சீர்;
சொன்னபடிதான் வைத்திருக்கிறார்.
மட்டம் பாதிக்குச் சற்றுக் கீழே. நூற்றெண்பது.
அப்படியென்றால் போனது ஆயிரத்து இருபது.
நாளொன்றுக்கு இருபது.

"காலையில பதினாலு, ராத்திரி ஆறா?"
களவு பிடிபட்டவர்போல் சிரித்தார்.
"மொத நாளிலேருந்தா?"
"கடலு நாப்பதுன்னா அறுவதுன்னு வைக்கணும் மோளே.
அரிசியும் தண்ணியும் அப்படித்தான்."

சுவாமிதாஸும் இவரும்
ஒருவரையொருவர் பார்த்ததேயில்லை.

"செருப்பக் கழத்தும்."
வலது பெருவிரலில் தூண்டில் கீறிய இடம்,
ஒரு கிராம்பு அளவுக்குக் கறுப்பு.
"வலியே இல்ல" என்றார், பெருமையாக.
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

குழித்துறை ஆஸ்பத்திரி டாக்டருக்கு
பில்லின் பின்பக்கத்தில் எழுதினேன்:
நாள், யூனிட், விரல்.
ஆட்டோவை நானே கைகாட்டி நிறுத்தினேன்.

விரல் தங்கியது. நகம் போனது.

அடுத்த பயணத்துக்கும் சீட்டில் நாற்பது நாள் என்றே இருந்தது.
டாக்டரைப் போனில் கூப்பிட்டு
காற்றைப் பற்றிச் சொல்லவேண்டி வந்தது.
கேட்டுக்கொண்டார். அறுபது என்றார்.
ஆயிரத்து எண்ணூறு. நாலரைக் குப்பி.
அரைக்குப்பி எங்கும் விற்பதில்லை.
ஐந்து வைத்தேன்.
ஐந்தாவதைப் பற்றுநோட்டில் எழுதினேன்,
"கேரை வந்தபிறகு."

சுவாமிதாஸுக்கு இன்று முப்பத்தெட்டாவது நாள்.
ஷட்டரைப் பாதி இறக்கியிருக்கிறேன்.
மழை வலுக்கிறது.
அவருடைய நம்பர் அடித்துக்கொண்டே இருக்கிறது.