நாலாவது வரி

காத்தான்குடியில் கடை என்றால் முகப்பு வேண்டும்,
கண்ணாடி, வெளிச்சம், வாசலில் நின்று கூப்பிட ஒரு பெடியன்.
எனக்குப் பின்னறை. பழைய மடிகணினி.
கட்டிலுக்கடியில் முப்பத்தொரு மேசை விசிறி,
பெட்டி பிரிக்காமல்.
ஃபஸ்மியா ஸ்டோர் என்பது இவ்வளவுதான்.

மீதிக் கடை அங்கே இருக்கிறது,
விலை ஒப்பிடும் தளத்தில்.
ஒரே விசிறி, ஒரே படம், ஒன்பது பேர்.
ஆக மலிந்தவர் மேலே.
நான் நாலாவது வரி.

படமும் என்னுடையதில்லை, கொம்பனி தந்தது.
ஒருநாள் என் யன்னலோரம் விசிறியைச் சுழலவிட்டு
திரைச்சீலை பறக்கப் பறக்க எடுத்தனுப்பினேன்.
'வெள்ளைப் பின்னணி மட்டும்' என்று திரும்பி வந்தது.
காற்று விற்கிறவள்
காற்றைக் காட்டக்கூடாதாம்.

ஒருவர் வந்து தொட்டால் எனக்கு ஒன்பது ரூபாய் செலவு.
வாங்கினால் அல்ல, தொட்டால்.
சந்தையில் கத்தரிக்காயை நசுக்கிப் பார்த்து
வைத்துவிட்டுப் போகிறவளின் கையில்
வியாபாரியே சில்லறை வைத்தனுப்புகிற மாதிரி.

இரவு இரண்டு பத்துக்கு ஒருவர் வருகிறார்.
பதினேழு இரவு. நூற்றைம்பத்து மூன்று ரூபாய்.
கணக்குப் பக்கம் 'மட்டக்களப்பு' என்று மட்டும் சொல்கிறது.
மிச்சத்தை நான் கட்டினேன்:
ஏறாவூரில் தகரக் கூரை, கச்சான் காற்று அனலாய் அடிக்கிற மாதம்,
ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி, தூக்கமில்லாதவள்,
விசிறியின் படத்தைத் திறந்து
முகத்துக்கு நேரே பிடித்திருக்கிறாள்.
பாவம், பார்க்கட்டும் என்று விட்டேன்.

முதல் வரியில் விதுசன் எலக்ட்ரிக்கல்ஸ்.
பொதி புறப்படும் இடம்: ஆரையம்பதி.
எங்கள் ஊர் முடிந்தால் அவர் ஊர்,
நடுவில் ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவு தூரம்.
இஷா முடிந்து நான் பத்து ரூபாய் இறக்குவேன்.
தேநீர் ஆறுமுன்னே அவர் இருபது இறக்குவார்.
எண்ணாயிரத்து நானூற்றுத் தொண்ணூறு,
எழுபது, ஐம்பத்தைந்து.
இன்னும் இறங்கினால் விசிறியோடு கட்டிலையும் கொடுக்கவேண்டும்.

சொல்லிவிடுகிறேன்.
ஒரு இரவு அவருடைய வரியைத் தொட்டேன்.
மறுகா இன்னொரு தரம். ஐந்து தரம்.
வுழூ காயாத விரல்.
நாற்பத்தைந்து ரூபாயை அவர் பையிலிருந்து எடுத்து
யாருக்கும் கொடுக்காமல் போட்டேன்.

திரையை மூடும்போதுதான் பட்டது:
இரண்டு பத்து
பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கவேண்டுமென்று
யார் சொன்னது?

காலையில் பொதி எடுக்க டிலோஜன் வந்தான்.
என் சோற்றுப்பானையை அவன் பைக்குள் இறக்கினால்
அடியில் விதுசன் எலக்ட்ரிக்கல்ஸ் முத்திரையோடு ஒரு பெட்டி,
ஒட்டிக்கொண்டு இரண்டும் கல்லடிப் பாலம் தாண்டப் போகின்றன.
"அக்கா, ஆரையம்பதி அண்ணன் கேக்கச் சொன்னவர்,
வாங்காமச் சும்மா வந்து பாத்திட்டுப் போற ஆக்கள்
உங்களுக்கும் இருக்கா எண்டு."
இல்லை என்றேன்.
ரசீதில் கையெழுத்து கோணலாய் விழுந்தது.

அன்றிரவு விலையைத் தொடவில்லை.
அவரும் தொடவில்லை.
நாலாவது வரியில் நானிருந்தேன், ஒன்றில் அவர்,
நடுவில் கொழும்புக்காரர் இருவர், எதுவும் அறியாமல்.
இரண்டு மணிக்கு மின்சாரம் போய், வந்தது.
இரண்டு பத்துக்கு ஒன்பது ரூபாய் கழிந்தது.

வாங்க, என்றேன் திரையைப் பார்த்து.
எந்த வாங்க என்று எனக்கே தெரியவில்லை.

கச்சான் அடங்கவில்லை. வியர்வை முழங்கை வரைக்கும்.
கட்டிலுக்கடியில் கைவிட்டு ஒரு பெட்டியை இழுத்து
ஒட்டுநாடாவைக் கிழித்தேன்.
விசிறி முதல் சுற்றில் கொஞ்சம் கரகரத்தது,
படத்தில் அது தெரியாது.
கையிருப்பு என்ற கட்டத்தில்
முப்பத்தொன்றை அழித்து
முப்பது என்று போட்டேன்.