ஐந்து கட்டி குறைவு

கொமர்ஸ் முடித்து ஏழு மாதம்.
கேட்கிறவர்களுக்கு
"ஓடிற் கொம்பனி ஒன்றில நிக்கிறன்" என்கிறேன்.
நிற்கிறேன் என்பது சரியான சொல்தான்.

கன்னாதிட்டியில் மேல்மாடி.
காற்றைவிடச் சத்தம் கூடத் தரும் விசிறி,
வவுச்சர் கட்டுகள்,
எங்களுக்கு மட்டுமான பச்சை மைப் பேனை.
மாதம் கைக்கு வருவது
வேலணை பஸ்ஸுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் காணும்.
காணாத மாதமும் உண்டு.

அனோஜன் சீமா என்கிறான்.
"உதுக்குள்ள கிடந்து தூசி தின்னாதை,
முகாமைப் பக்கம் வா."
அவன் இப்போதே கழுத்துப்பட்டி கட்டுகிறான்,
இந்த வெக்கையில்.

ஸ்காபரோவில் அண்ணா
காரின் கண்ணாடியில் ஐஸ் சுரண்டிக்கொண்டே
ஏ.சி.சி.ஏ. என்கிறான்:
"எந்த நாட்டிலயும் செல்லும்.
காசை நான் கட்டுறன்."
ஒரு பாடத்தின் பவுண்ஸை ரூபாயால் பெருக்கினேன்.
பெருக்கி, அழித்து,
அவனுடைய இரவு வேலை மணித்தியாலங்களால்
பிரித்தும் பார்த்தேன்.
அந்த விடையை எழுதிவைக்கவில்லை.

சாட்டட் என்றால் இந்த விசிறிக்குக் கீழேயே
மூன்று வருடத்துக்குக் கையெழுத்து.

நாலாவது வழி அம்மாவுடையது:
"கெசற்றைப் பார்."

மார்ச் முப்பத்தொன்று,
பாசையூர் ஐஸ் கொம்பனி.
இருப்பெடுக்க என்னை அனுப்பினார்கள்,
மற்ற இரண்டு பேருக்கும் தடிமன் என்றபடியால்.
புத்தகத்தில் இருநூற்றுப் பதினாலு கட்டி.
எண்ணினேன்: இருநூற்று ஒன்பது.
சப்பாத்துக்குள் தண்ணீர்.
திரும்ப எண்ணினேன்: இருநூற்று ஒன்பது,
ஆனால் ஒவ்வொன்றும்
முதல் எண்ணினதைவிடக் கொஞ்சம் சின்னது.

கொக்கியால் கட்டி இழுக்கிற மரியசீலன்,
என் வயதுதான் இருக்கும்,
"உருகினதை எந்தப் பக்கத்தில எழுதுவீங்கள்?" என்றான்.
பகிடிக்குத்தான்.
சோதனையில் நாலு புள்ளிக் கேள்வி அது:
சாதாரண நட்டம், அசாதாரண நட்டம்.
பாடமாக்கின விடை
வாய்க்கு வரவில்லை.
ஐந்து கட்டியும் உருகிப் போயினவா,
விடியப்புறம் கடனுக்கு
யாருடைய படகிலும் ஏறினவா,
ஒருநாளும் இருக்கவேயில்லையா?

முதலாளி தேத்தண்ணியும் பிஸ்கற்றும் வைத்தார்.
"பதினாலெண்டே போடுங்கோ பிள்ளை.
ஐஸ்தானே."

தேத்தண்ணியைத் தொடவில்லை என்று
எழுத ஆசையாய் இருக்கிறது.
குடித்தேன்.
இரண்டு பிஸ்கற்றும் சாப்பிட்டேன்.
ஒன்பது என்று எழுதினேன்.
ஈரத்தாளில் பச்சை மை
ஒன்பதின் வயிற்றுக்குள் ஊறியது.
"இதில ஒரு கையெழுத்து வையுங்கோ" என்றபோது
கூடத்தின் குளிரில்
வேறு யாரோ பேசுவது போலிருந்தது.
வைத்தார்.

மூன்றாம் நாள் எங்கள் சீனியர் கிருபாகரன்
அந்தத் தாளைப் பார்த்தார்.
ஐந்து கட்டியின் விலையை மனதில் கூட்டி
"முக்கியமற்றது" என்று ஓரத்தில் எழுதி
அடுத்த தாளுக்குப் போனார்.
அவர் செய்தது சரி.
நானும் அதைத்தான் செய்திருப்பேன்.
ஆனாலும் அந்த ஒன்பது
கோப்பின் நடுவில், துளையிட்டு, நூல் கோத்து
இருக்கிறது.

இரவு அண்ணாவுக்குச் சொன்னேன்.
"அஞ்சு ஐஸ்கட்டிக்காக மூண்டு வருசமோ?"
எனக்கும் சிரிப்பு வந்தது.
இல்லை என்று சொல்ல நினைத்தேன்,
ஓம் என்று வந்துவிட்டது.
அந்தப் பக்கம் சுரண்டுகிற சத்தம்
கொஞ்சம் நின்று,
பிறகு தொடர்ந்தது.

விண்ணப்பப் படிவத்தில்
பெயர் கேட்டார்கள், அடையாள அட்டை இலக்கம் கேட்டார்கள்,
தெரிந்தெடுத்த காரணம் கேட்கவில்லை.
நல்லகாலம்.

சப்பாத்து இன்னும் காயவில்லை.
நாளைக்குக் கொடிகாமத்தில் எண்ணெய் மில்.
தாங்கிக்குள் கம்பு விட்டு
ஈரம் ஏறின உயரத்தை அளக்கவேண்டுமாம்.
கம்பு நேராய் நிற்கிறதா என்று
பக்கத்தில் ஒருவர் பார்க்கவேண்டும்.
அந்த ஒருவர் நான்.