கலைமான் தூரம்

ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு
முன்பெல்லாம் ஒன்பதரை மணி நேரம்.
இப்போது பதின்மூன்று.
ஊர்கள் இரண்டும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.
நடுவில் ஒரு நாடு
தன் வானத்தைச் சாத்திக்கொண்டது.

முப்பத்தோரு வருஷம் டிராம் ஓட்டியவள் நான்.
ஹகனியெமி சந்தையிலிருந்து துறைமுகம் வரை
பனி கொட்டினால் பதினாறு நிமிடம்.
தண்டவாளம் போகிற வழிதான் தூரம்.
அதற்கு மேல் யோசித்ததில்லை.

ஓய்வு பெற்றபின் இந்த வேலை, சம்பளம் கிடையாது:
யாரோ ஒருவரின் எலும்பு மஜ்ஜையை
யாரோ ஒருவருக்குக் கொண்டுபோவது.
பெயர் சொல்ல மாட்டார்கள்.
எழுபத்திரண்டு மணி நேரம் என்பார்கள்.
நீலப் பெட்டி.
இரண்டு டிகிரிக்குக் கீழே, எட்டுக்கு மேலே போகக் கூடாது.
எக்ஸ்ரேக்குள் நுழையக் கூடாது. என்னை விட்டு நகரக் கூடாது.
சோதனை மேடையில் ஒரு பையன்
"உள்ளே என்ன, டெல்லெர்வோ அம்மா, மீனா?" என்றான்
பாஸ்போர்ட்டைப் புரட்டியபடி.
காகிதத்தைப் படித்ததும் அவன் காது சிவந்துவிட்டது.

எங்கள் மொழியில் பழைய அளவு ஒன்று உண்டு:
நாய் குரைத்தால் கேட்கும் தூரம்.
வடக்கே லாப்லாந்தில் இன்னொன்று:
மூத்திரம் பெய்ய நிற்காமல்
கலைமான் ஓடும் தூரம்.
ஏழு கிலோமீட்டர் வரும் என்பார்கள்,
மானைப் பொறுத்தது.
திரையில் இருந்த பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்தை
ஏழால் வகுத்துப் பார்த்தேன்.
ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம்.
நான் எழுந்தது இரண்டே தடவை.
பெட்டியும் கூடவே வந்தது.
அந்தச் சின்ன அறைக்குள் மூன்று பேர்:
நான், பெட்டி, பெயரில்லாதவர்.

துருவத்துக்குப் பக்கத்தில்
திரையில் விமானம் அசையவே இல்லை.
எந்தப் பக்கம் திரும்பினாலும் தெற்கு.
எந்த மணி சொன்னாலும் சரியான மணி.
டிராம்காரிக்கு இது பிடிக்காது.
பக்கத்து இருக்கைக்காரர் வாய் திறந்து தூங்கினார்.
கீழே, கூப்பிடு தூரத்தில் ஆளில்லை,
குரைக்கும் தூரத்தில் நாயும் இல்லை.
காலடியில் இருந்த பெட்டியை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டேன்.
எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை,
வாழ்க்கையில் முதல் தடவையாக.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் மிசுஷிமா
குனிந்து வணங்கினார்,
முதலில் பெட்டியை, பிறகு என்னை.
பெட்டிக்குள்ளிருந்த கருவி
வழியெல்லாம் எழுதிய நாடாவை உருவினார்,
பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி.
நாலு, நாலு, நாலேகால், நாலு.
நடுவில் ஒரு சின்ன மேடு: ஐந்தரை.
"எல்லைக்குள்தான், பாதகமில்லை.
ஆனால் இங்கே என்ன நடந்தது?"
அவர் விரல் வைத்த இடத்துக்கு
எந்த வரைபடத்திலும் பெயரில்லை.

மடி என்பதற்கு
அவர் மொழியிலும் எனக்குச் சொல் தெரியாது,
எங்களுக்குப் பொதுவான அரைகுறை ஆங்கிலத்திலும் தெரியாது.
தொடையைத் தட்டிக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு அந்த மேட்டின் ஓரத்தில்
பேனாவால் ஏதோ எழுதினார்,
பொடி எழுத்தில், மேலிருந்து கீழாக.