நான் போட்ட பூச்சியங்கள்

செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் கிளினிக்கில்
ஏழு மணிக்கே வாங்குகள் நிறைந்துவிடும்.
மூதூர் முதல் பஸ்ஸில் வந்தவர்கள்
கொப்பியை மடியில் வைத்தபடி தூங்குவார்கள்.
உட்துறைமுகத்துக் காற்று
டெட்டோல் மணத்தைத் தாண்டி உள்ளே வராது.

படிவம் புதிது.
நாட்பட்ட நோயோடு வருகிற இளம் ஆட்கள்
எல்லோரிடமும் கேட்க வேண்டுமாம்.
குடிப்பீர்களா என்று அல்ல;
போன வருசம் எத்தனை நாள் குடித்தீர்கள் என்று.
'எல்லோரிடமும்' என்ற சொல்லுக்குக் கீழே
டொக்டர் பேனையால் கோடு போட்டிருந்தார்.
அதை நான் அலங்காரம் என்று எடுத்துக்கொண்டேன்.

டிலோஜனிடம் கேட்டேன்.
பத்தொன்பது வயது. திருக்கடலூர்.
எட்டு வயதில் இருந்து இன்சுலின்.
"சோடாகூடத் தொடமாட்டான் மிஸ்," என்றார் அம்மா.
மருந்தெடுக்கும் வரிசைக்கு அவரை அனுப்பினேன்.
அந்த வரிசையின் நீளத்துக்கு
முதல் தடவையாக நன்றி சொன்னேன்.
அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.
சைக்கிள் தரிப்பிடத்தில் ஒரு மான்
யாரோ எறிந்த சோற்றுப் பார்சலை
லஞ்ச் சீற்றோடு சேர்த்து மென்றுகொண்டிருந்தது.
"கடலுக்குப் போற நாளெல்லாம்."
போகாத நாள்?
"அண்டைக்கும்தான்."
பிறகு தானாகவே சொன்னான்:
மாசியில் ஓர் இரவு கை நடுங்கி, வேர்த்து,
வாய் குழறி வள்ளத்துக்குள் விழுந்தானாம்.
வெறி என்று நினைத்து
கூட்டாளிகள் படங்கால் மூடிவிட்டார்கள்.
விடியப்புறம் எவனோ ஒருத்தனுக்குச் சந்தேகம் வந்து
கடைவாயில் சீனி தேய்த்ததால்
இன்றைக்கு இந்தக் கதிரையில்.

எழுதினேன்.
கெட்டிக்காரி என்ற நினைப்பும் வந்தது எனக்கு.

அடுத்தது நிலாஜினி.
பாலையூற்று. இருபத்தொன்று. வலிப்பு.
நெற்றியில் திருநீறு, மடித்த குடை,
உறை போட்ட கிளினிக் கொப்பி.
அவள் இருக்க முதலே
அந்தக் கட்டத்தில் பூச்சியம் போட்டேன்.

"மிஸ், அதில என்ன எழுதினீங்க?"
ஒன்றுமில்லை, என்றேன்.
"பூச்சியம் எழுதினீங்க.
நான் நிலாவெளி ஹோட்டலில ரிசெப்ஷன்.
வெள்ளைக்காரரின்ர பாஸ்போர்ட்டை
மேசைக்கு இங்கால இருந்தே தலைகீழா வாசிப்பன்."

மின்விசிறி ஒருமுறை கிறீச்சிட்டது.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பீங்களா?
"தெரியாது. கேளுங்கோ."

கேட்டேன்.
விரல்களை மடித்தாள்.
சீசன் மாதங்களை எண்ணுகிறாள் என்று
பிறகுதான் விளங்கியது.
"நாப்பது வரும்.
அந்த நாளில குளிசை போடுறேல்ல மிஸ்.
ரெண்டும் சேரக்கூடாது எண்டு
ஆரோ சொன்னவை."

அவளுடைய கொப்பியைத் திரும்பவும் புரட்டினேன்.
மே மாதம் வலிப்பு, குளிசை கூட்டினோம்.
யூலையில் வலிப்பு, குளிசை கூட்டினோம்.
ஓகஸ்ட். கூட்டினோம்.
எங்கள் கையெழுத்துகள் அழகாகத்தான் இருந்தன.

குளிசையை மட்டும் விடாதீங்க, என்றேன்,
மற்றதை டொக்டரோட இருந்து கதைப்பம்.
"அம்மாவுக்கு?"
அம்மாவுக்கு இல்லை.
அப்போதுதான் குடையைக் கீழே வைத்தாள்.

பிழையாக எழுதியதை அழிக்கக்கூடாது.
மேலே ஒரு கோடு கீறி,
சரியானதைப் பக்கத்தில் எழுதி,
சின்னக் கையொப்பம் வைக்க வேண்டும்.
வைத்தேன்.

மத்தியானம் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு
மூன்று கிழமைப் படிவங்களையும் எடுத்தேன்.
முப்பத்தொரு பூச்சியம், என் கையால்.
பெட்டைகள். பர்தா போட்ட பிள்ளைகள்.
இருதய வருத்தத்தோடு பள்ளிக்கூட உடுப்பிலேயே வந்த பையன்,
மாணவத் தலைவர் சின்னம் மினுங்க.
எல்லாம் ஒரே அளவு, வட்டம் பிசகாமல்.
அநேகமானவை உண்மையாகவே இருக்கலாம்.
எனக்கு எப்படித் தெரியும்?

ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் எழுதினேன்:
கேட்கவில்லை.