254 யார்?

சனிக்கிழமை மாலை ஆறு பத்து.
அம்மை போட்டதுபோலத் திரை முழுக்க
அறுபது சிவப்புப் புள்ளிகள்.

"செத்ததா? எல்லாமா?" ஹொக்னி போனில் சிரித்தான்.
"நான் நிற்பதே குளிர்க்கிடங்குக்குள்தான்.
மூச்சு மீசையில் உறைகிறது.
பைத்தியம் உன் பெட்டிக்குத்தான், ரன்வா.
அலாரத்தை அணைத்துத் தொலை,
திங்கள் பார்த்துக்கொள்ளலாம்."

அணைத்தேன்.

ஞாயிறு துறைமுகத்தில் படகுப் பந்தயம்.
மழை பக்கவாட்டில் பெய்தது,
ஃபாரோவில் அதற்கு வேறு வழி தெரியாது.
என் தங்கை மூன்றாவது துடுப்பு.
தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

திங்கள் விடியுமுன் உட்கார்ந்தேன்.
பத்தாம் சப்நெட்டில் என் கண்காணிப்பு சர்வர்.
நாற்பதாம் சப்நெட்டில் அறுபது வெப்பமானிகள்,
உறைந்த கானாங்கெளுத்திப் பெட்டிகளுக்கு மேலே.
நடுவில் புது ரவுட்டர்.
சனிக்கிழமை மாற்றியது நான்தான்.

பிங் அனுப்பினேன். நான்கும் போயின,
நான்கும் வரவில்லை.
தடம் தேடினால் முதல் எட்டு மட்டும் தெரிந்தது,
அப்புறம் வரிக்கு மூன்று நட்சத்திரம்;
இந்த ஊர் வானத்தில்கூட இத்தனை பார்த்ததில்லை.
வழிப்பட்டியலில் குற்றம் இல்லை.
ஃபயர்வாலைக் கேட்டேன், விட்டேன் என்றது.
ஸ்விட்சைக் கேட்டேன், சேர்த்தேன் என்றது.
எல்லோரும் யோக்கியர்கள்.

மடிக்கணினியோடு கிடங்குக்கே போய்,
கேபிளைச் செருகி,
கவிழ்த்த மீன்பெட்டிமேல் உட்கார்ந்து
ஒட்டுக்கேட்டேன்.

கேள்விகள் வந்து சேர்ந்துகொண்டுதான் இருந்தன.
பதில்களும் தயார்.
ஆனால் வெளியே போகிறதை எவரிடம் கொடுப்பது?
என்றோ யாரோ சொல்லிவைத்த ஒரே எண்: 254.
பழைய கேட்வே.
அது என் மேசைக்கடியில், குப்பைக்கூடைக்குப் பக்கத்தில்,
தன் வயரையே சுற்றிக்கொண்டு கிடக்கிறது.
புதியதன் எண் 1.
வெப்பமானிகளிடம் யாரும் சொல்லவில்லை.
யாரும் என்றால், நான்.

254 யார்? 17-க்குச் சொல்லுங்கள்.
254 யார்? 41-க்குச் சொல்லுங்கள்.
254 யார்? 8-க்கு.
254 யார்?
ஒன்றரை நாளாக இப்படியே,
இருட்டில், இருபத்துநான்கு டிகிரி உறைநிலைக்குக் கீழே,
நான் படகுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தபோதும்.

அறுபதுக்கும் ஏணி போட்டு ஏறுவதா?
புது ரவுட்டருக்கே அந்தப் பழைய எண்ணையும் கொடுத்தேன்.
ஒரே வரி.
254 யார்?
நான்தான்.

திரை மளமளவென்று பச்சையாயிற்று.
ஹொக்னி காபி ஊற்றி வந்தான்.
"ஐம்பத்தொன்பது," என்றேன்.
"மிச்சம் ஒன்றும் வரும்."
வரவில்லை.
23.

ஒட்டுக்கேட்டதை மறுபடி ஓட்டினேன்.
அத்தனை கூச்சலிலும் ஒருமுறைகூட
23-க்குச் சொல்லுங்கள் என்று யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் அறை, வடக்கு மூலை.
கதவுக்கு முன்னால் தரை ஈரம்.
ஃபியூஸ் விழுந்திருந்தது. குளிர்பெட்டிக்கும் வெப்பமானிக்கும்
அந்த ஒரே ஃபியூஸ்தான்.
ஹொக்னி கையுறையைக் கழற்றி
மேல் பெட்டியில் ஒரு மீனை அழுத்தினான்.
விரல் உள்ளே போயிற்று.

"எப்போதிலிருந்து?" என்றான்.

பதிவேட்டைத் திறந்தேன்.
சனி ஆறு பத்து, அறுபதும் சிவப்பு.
அதற்குப் பிறகு
எதற்கும் எந்த எண்ணும் இல்லை.